பூங்காவில் தொலைநோக்கி வைக்கக் கூடாதாம்! விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் இத்தனை தடை ஏன்?

வால்நட்சத்திரம் | ஞாயிறு, காலை 7:12

நேற்று நடந்தது இது. எங்கள் பகுதிப் பூங்காவின் மேற்கு மூலையில் ஒரு விளக்கு மாதக்கணக்காக எரிவதில்லை. மற்றவர்களுக்கு அது குறை, எனக்கு வரம். 130 மில்லிமீட்டர் தொலைநோக்கியையும் மூன்று கால் ஸ்டாண்டையும் சுமந்துகொண்டு போய் அங்கே வைத்தேன். சனிக் கோள் நன்றாக மேலே ஏறியிருந்தது. முதலில் இரண்டு சிறுவர்கள் வந்தார்கள், அப்புறம் அவர்களைத் தேடிக்கொண்டு பெற்றோர், அப்புறம் நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர். பெரியவர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, குழாயின் முன்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். "உள்ளே படம் ஏதும் ஒட்டியிருக்கிறதா தம்பி?" என்றார். வளையத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்பார்கள்.

அந்த நேரம் பார்த்துக் காவலாளி வந்தார். "ஷூட்டிங் பெர்மிஷன் இருக்கா சார்?"

இது கேமரா இல்லை என்று விளக்கினேன். அவர் ஸ்டாண்டைக் காட்டினார். "மூணு கால் இருந்தா ஷூட்டிங்தான் சார். அப்படித்தான் சொல்லியிருக்காங்க." கோபமெல்லாம் இல்லை, மரியாதையாகவே பேசினார். வாசலுக்குக் கூட்டிப்போய் டார்ச் அடித்து அறிவிப்புப் பலகையைக் காட்டினார். எண்ணிப் பார்த்தேன், 22 வரி. பந்து கூடாது, சைக்கிள் கூடாது, பட்டம் கூடாது, புல்லில் உட்காரக் கூடாது, பெஞ்சில் படுக்கக் கூடாது, இசைக்கருவி கூடாது, கூட்டமாகப் பாடக் கூடாது. 17ஆவது வரி 'பெரிய உபகரணங்கள்'. கடைசி வரிதான் உச்சம்: 'மற்றும் பிறருக்கு இடையூறு எனக் கருதப்படும் எதுவும்.' கருதுகிறவர் யார் என்று எழுதவில்லை.

பெரியவர் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே கழற்றி எடுத்துவந்தேன். உங்கள் பக்கமெல்லாம் எப்படி?

பட்டக்காரன் | ஞாயிறு, காலை 7:40

எங்கள் பூங்காவில் நடக்கலாம். ஆனால் கடிகாரச் சுற்றில் மட்டும். எதிர்ப்பக்கம் நடந்தால் விசில் ஊதுவார்கள்.

பழையபந்து | ஞாயிறு, காலை 9:05

இது இன்று நேற்று வந்த நோய் இல்லை. 1314இல் லண்டன் மேயர் நகருக்குள் கால்பந்துக்குத் தடை போட்டார், இரண்டாம் எட்வர்டு மன்னரின் பெயரால். காரணம் என்ன தெரியுமா? சத்தம். பெரிய பந்துகளுக்குப் பின்னால் முட்டி மோதி ஓடி ஊரை இரண்டாக்குகிறார்கள் என்று. எழுநூறு வருடத்துக்குப் பிறகும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒலிப்பது அதே புகார்தான்.

ஸ்காட்லாந்து இன்னும் சுவாரசியம். 1424இல் முதலாம் ஜேம்ஸ் காலத்தில் கால்பந்துக்குத் தடை, மீறினால் நாலு பென்னி அபராதம். 1457இல் கோல்ஃபையும் சேர்த்தார்கள். ஆமாம், கோல்ஃப் பிறந்த வீடு என்று பெருமை பேசுகிற அதே ஸ்காட்லாந்தில்! ஆண்பிள்ளைகள் வில்வித்தை பழகாமல் இதில் பொழுதைக் கழித்தால் நாளைக்குப் போருக்கு யார் போவது என்ற கவலை. 1502இல் இங்கிலாந்தோடு சமாதான ஒப்பந்தம் ஆனதும் நாலாம் ஜேம்ஸ் மன்னரே கோல்ஃப் மட்டைகள் வாங்கினார். கணக்கு ஏட்டில் அந்தச் செலவு இருக்கிறது.

1424ஆம் ஆண்டுக் கால்பந்துச் சட்டம் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது எப்போது என்றால், 1906இல். நடுவே 482 வருடம் யாரும் அதைப் பொருட்படுத்தவும் இல்லை, யாரும் அதை எடுக்கவும் இல்லை. ஒரு தடையைப் போட ஒரு கூட்டம் போதும். எடுக்கத்தான் யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

மூன்றாம்மாடி | ஞாயிறு, பகல் 11:30

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். நான் புகார் கொடுத்த ஆள், என் கதையையும் கேளுங்கள்.

எனக்கு இரவு ஷிஃப்ட். காலை ஏழு மணிக்கு வீடு வந்து, எட்டுக்குப் படுப்பேன். எங்கள் குடியிருப்பில் வண்டி நிறுத்துமிடத்தின் சுவர் என் படுக்கையறைக்கு நேர் கீழே. விடுமுறை நாளில் ஒரு பையன் தனியாக டென்னிஸ் பந்தைச் சுவரில் அடித்துப் பிடித்துக்கொண்டிருப்பான். டப்... டப்... டப். நூறு வரை எண்ணியிருக்கிறேன். தாளம் தவறாமல் அடித்தால்கூடத் தூங்கிவிடலாம். அவன் நடுவில் ஒன்றைத் தவறவிடுவான், மறுபடி எடுக்க ஓடுவான். அந்த இடைவெளியில் அடுத்த 'டப்' எப்போது வரும் என்று விழித்துக் கிடப்பேன். ஒருவரைச் சித்திரவதை செய்ய வேறெதுவும் வேண்டாம்.

சங்கத்தில் சொன்னேன். "அந்தச் சுவரில் மட்டும் அடிக்க வேண்டாம், எதிர்ச் சுவர் சும்மாதானே இருக்கிறது" என்றுதான் சொன்னேன். அடுத்த வாரம் பார்த்தால் போர்டு: 'வளாகத்துக்குள் எந்த விளையாட்டும் விளையாடக் கூடாது.' கேரம் பலகையைக்கூட உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள். கேரம் சத்தம் என் மாடிக்கு எட்டுமா? இப்போது பிள்ளைகள் எல்லோரும் என்னைத்தான் முறைக்கிறார்கள். நான் கேட்டது ஒன்று, போர்டில் வந்தது வேறு.

பட்டக்காரன் | ஞாயிறு, பகல் 11:48

கேரமுக்குத் தடையா? ஸ்ட்ரைக்கர் யார் மண்டையிலாவது பட்டதா?

மூன்றாம்மாடி | ஞாயிறு, பகல் 11:52

சிரிக்காதீர்கள். 'ஒன்றை விட்டால் இன்னொன்றைக் கேட்பார்கள்' என்பது செயலாளரின் வாதம்.

சட்டப்புள்ளி | ஞாயிறு, மாலை 4:20

மூன்றாம்மாடி சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. அவர் சொன்னது ஒரு இடையூறு: இந்தச் சுவர், இந்த நேரம், இந்தச் சத்தம். சங்கம் தடை செய்தது ஒரு செயலை: விளையாட்டு. விதி எழுதுகிறவர்கள் எப்போதும் வழுக்கி விழும் இடம் இதுதான். இடையூறை வரையறுக்க யோசிக்க வேண்டும், செயலைத் தடை செய்ய யோசிக்க வேண்டாம்.

லண்டனுக்கான 1839ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தில் பட்டம் விடுவதும் தெருவில் விளையாடுவதும் குற்றம்தான். ஆனால் குடியிருப்பவர்களுக்கோ வழிப்போக்கர்களுக்கோ தொல்லை கொடுக்கும்படி செய்தால் என்ற நிபந்தனையோடு. விக்டோரியா மகாராணி காலத்து ஆட்களுக்கு இருந்த நிதானம் நம் பூங்காப் பலகைக்கு இல்லை.

இன்னொன்று, 1977இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு. லின்ட்ஸ் என்ற கிராமத்தில் சுமார் 70 வருடமாகக் கிரிக்கெட் ஆடிவந்த மைதானம். 1970களின் தொடக்கத்தில் அதை ஒட்டிப் புது வீடுகள் வந்தன. ஒரு வீட்டுத் தோட்டத்தில் சிக்ஸர்கள் விழ ஆரம்பித்தன. வேலியை உயர்த்தினார்கள், அப்போதும் சில பந்துகள் தாண்டின. ஆட்டத்தையே நிறுத்தச் சொல்லி வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். டென்னிங் பிரபு கிராமத்துக் கிரிக்கெட்டுக்குக் காதல் கடிதம் மாதிரி ஒரு தீர்ப்பு எழுதினார். மற்ற இரு நீதிபதிகளும் வீட்டுக்காரர்களுக்கு நேர்ந்தது இடையூறுதான் என்றார்கள். ஆனாலும் மூவரில் இருவர் ஆட்டத்தை நிறுத்த உத்தரவிடவில்லை, 400 பவுண்டு இழப்பீட்டோடு முடிந்தது. எனக்குப் பிடித்த தீர்ப்பு இது. தொல்லை உண்மை என்று ஒப்புக்கொள்கிறது, அதற்காக மைதானத்தை மூடவும் இல்லை.

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போனது. மழலையர் காப்பகம், விளையாட்டுத்திடல் ஆகியவற்றிலிருந்து வரும் பிள்ளைகளின் சத்தத்தைப் பொதுவாகச் சுற்றுச்சூழல் கேடாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2011இல் மாசுத் தடுப்புச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். எந்திரச் சத்தமும் பிள்ளைகள் சத்தமும் டெசிபலில் ஒன்றாக இருக்கலாம், சட்டத்தில் ஒன்றில்லை.

வெள்ளிக்குண்டு | ஞாயிறு, இரவு 8:15

காரணம் செத்த பிறகும் தடை உயிரோடு இருக்கும் என்பதற்குப் பின்பால்தான் சாட்சி. காசு போட்டால், கண்ணாடிக்குக் கீழே சரிந்த பலகையில் உலோகக் குண்டு உருளுமே, அந்த எந்திர விளையாட்டு. நியூயார்க்கில் 1942இல் தடை வந்தது. மேயர் லகார்டியா சம்மட்டியால் எந்திரங்களை உடைக்கிற புகைப்படங்கள் பிரபலம். அன்றைக்கு அவர் சொன்னதில் நியாயமும் உண்டு. அந்தக் கால எந்திரத்தில் குண்டை இழுத்து விடுவதோடு உங்கள் வேலை முடிந்தது. அது எங்கே விழும் என்பது அதிர்ஷ்டம். அதில் காசு வைத்து ஆடினார்கள். சூதாட்டம் என்றார், சரி.

ஆனால் 1947இல் காட்லீப் நிறுவனம் ஃபிளிப்பர் வைத்த எந்திரத்தைக் கொண்டுவந்தது. பொத்தானை அழுத்தினால் குண்டைத் திருப்பி அடிக்கிற சின்னக் கைகள். அந்த நிமிடமே அது திறமை விளையாட்டாக மாறிவிட்டது. தடை? மேலும் 29 வருடம் நீடித்தது.

1976இல் நகர மன்றத்துக்கு முன்னால் ரோஜர் ஷார்ப் என்பவர் ஆடிக் காட்டினார். இரண்டு எந்திரம் கொண்டுபோயிருந்தார்கள். எதிர்ப்பாளர் ஒருவருக்குச் சந்தேகம், முதல் எந்திரத்தில் ஏதோ வித்தை இருக்கிறது, மாற்று எந்திரத்தில் ஆடு என்றார். ஷார்ப் அதிகம் பழகாத எந்திரம் அது. ஆடினார். அப்புறம் குண்டை இழுக்கும் முன்பே, இது நடு வழியில் இறங்கும் என்று கைகாட்டிச் சொல்லிவிட்டு விட்டார். இறங்கியது. தடை போனது. அது பாதி அதிர்ஷ்டம்தான் என்று ஷார்ப் பின்னாளில் சொன்னதாகப் படித்தேன். சூதாட்டத் தடையை ஒருவர் அதிர்ஷ்டத்தால் உடைத்திருக்கிறார்!

பட்டக்காரன் | திங்கள், காலை 6:50

நானும் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பட்டத் தடைக்கு எதிராக அதிகம் கத்துகிறவன் நான். ஆனால் கண்ணாடித்தூள் மாஞ்சாவுக்குத் தடை போட்டதில் எனக்கு மறுப்பே இல்லை. பைக்கில் போகிறவர் கழுத்தில் அது சிக்கினால் என்ன ஆகும் என்று நேரில் பார்த்தவன். பிளேடு கீறியது மாதிரி ஒரே கோடு. பறவைகள் மரத்தில் தலைகீழாகத் தொங்குவதையும் பார்த்திருக்கிறோம். நைலான் நூல் மழையில் நனைந்தாலும் மட்காது, அறாது. 2017இல் இந்தியாவின் பசுமைத் தீர்ப்பாயம் நைலான், செயற்கை நூல் மாஞ்சாக்களுக்கு நாடு முழுக்கத் தடை விதித்தது. சரியான தடை. அது பட்டத்தைத் தடை செய்யவில்லை, அறுக்கிற நூலைத் தடை செய்தது.

பூங்காப் பலகையில் 'பட்டம் கூடாது' என்று எழுதினால் சாதாரணப் பருத்தி நூலில் தாள் பட்டம் விடுகிற ஏழு வயதுப் பிள்ளையும் குற்றவாளி. அந்த நூலைக் கையாலேயே அறுக்கலாம். இதில் இன்னொரு வேடிக்கை, 2024 இறுதி வரை நடப்பில் இருந்த 1934ஆம் ஆண்டு இந்திய விமானச் சட்டத்தில் 'விமானம்' என்பதன் வரையறைக்குள் பட்டமும் வந்தது. அந்தப் பிள்ளையை விமானி என்றே சொல்லலாம்.

நாலுசக்கரம் | திங்கள், காலை 10:10

ஸ்கேட்போர்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. நார்வேயில் 1978 முதல் 1989 வரை ஸ்கேட்போர்டை விற்கவும் கூடாது, விளம்பரம் செய்யவும் கூடாது, ஓட்டவும் கூடாது. அடிபடும் என்ற பயம். பையன்கள் என்ன செய்தார்கள்? காட்டுக்குள் போய் மரத்தில் சாய்தளம் கட்டி, ஒளிந்து ஓட்டினார்கள். நகரத்தில் விழுந்தால் தூக்கிவிட ஆள் இருப்பார்கள். காட்டில் விழுந்தால்?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து லவ் பூங்காவில் ஸ்கேட்டிங்கைத் தடை செய்து, போலீஸும் கெடுபிடி காட்டியபோது, 2002 அக்டோபரில் ஒரு ஆள் எதிர்ப்புக் காட்ட வந்தார். எட்மண்ட் பேகன். அந்தப் பூங்கா அவருடைய யோசனையில் பிறந்தது. அப்போது அவருக்கு வயது 92. தலையில் ஹெல்மெட், பக்கத்துக்கு ஒருவராக ஆட்கள் பிடித்துக்கொள்ள, பலகை மேல் ஏறி நின்று கொஞ்ச தூரம் போனார். தடை அதனால் விலகவில்லை. ஆனால் கட்டியவரே வந்து 'இதை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும்' என்று காட்டிய பிறகு, எதற்காகக் கட்டினோம் என்று எங்களுக்குத்தான் தெரியும் என்று மன்றம் சொல்ல முடியுமா?

மூன்றாம்மாடி | திங்கள், காலை 10:31

92 வயதில் எனக்கு நிற்க வந்தாலே போதும்.

தேனடை | திங்கள், இரவு 9:02

நான் தேனீ வளர்க்கிறேன், அதனால் என் உதாரணம் தேனீ. நியூயார்க் நகரம் 1999இல் தேனீ வளர்ப்பைத் தடை செய்தது. எந்தப் பட்டியலில் சேர்த்தார்கள்? வீட்டில் வளர்க்கக் கூடாத ஆபத்தான விலங்குகள் பட்டியலில். சிங்கம், முதலை, நடுவில் என் தேனீ. வளர்த்தவர்கள் நிறுத்தவில்லை, மொட்டைமாடியில் மறைத்து வைத்தார்கள். 2010 மார்ச்சில் தடையை நீக்கினார்கள்.

நீக்கிய பிறகு வந்த விதியைத்தான் கவனிக்க வேண்டும். பெட்டியை நகராட்சியில் பதிவு செய். பக்கத்திலேயே தண்ணீர் வை. கூட்டம் பிரிந்து பறந்தால் போய் அடக்கு. அந்தத் தண்ணீர் விஷயம் வளர்த்தவர்களுக்குத்தான் புரியும். தண்ணீர் வைக்காவிட்டால் வெயிலில் தேனீ பக்கத்து வீட்டுக் குழாயைத் தேடிப் போகும், அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும். நான் ஒரு தட்டில் கூழாங்கல் பரப்பி, கல்லின் முதுகு மட்டும் நனையாதபடி தண்ணீர் ஊற்றி வைப்பேன். கல் மேல் உட்கார்ந்து குடிக்கும், மூழ்காது. இதை எழுதியவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களிடம் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறார்கள். தடை போட்டவர்கள் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டில் ஒவ்வாமை உள்ள குழந்தை இருந்தால் நானே பெட்டியை அங்கே வைக்க மாட்டேன். ஒரு கொட்டு போதும்.

வெள்ளிக்குண்டு | திங்கள், இரவு 9:30

தோட்டக்காரர்களுக்கும் இதே கதி. அமெரிக்காவின் மயாமி ஷோர்ஸில் வீட்டின் முன்பக்கம் காய்கறி வளர்க்கக் கூடாது என்று 2013இல் விதி. நாளுக்கு 50 டாலர் அபராதம் என்றதும், 17 வருடமாக வளர்த்த செடிகளை ஒரு தம்பதி பிடுங்கினார்கள். பூச்செடி வைக்கலாம், கத்தரிச்செடி கூடாது. வழக்கில் தோற்றார்கள். கடைசியில் 2019இல் மாநிலமே சட்டம் போட்டு அந்த மாதிரித் தடைகளைச் செல்லாததாக்கியது.

பழையபந்து | செவ்வாய், காலை 8:00

வால்நட்சத்திரம், உங்களுக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். ஜான் டாப்சன். சான்பிரான்சிஸ்கோவில் துறவியாக மடத்தில் இருந்து, தொலைநோக்கி மோகத்தால் வெளியேற்றப்பட்டவர். 1968 முதல் நடைபாதைகளில் தொலைநோக்கி வைத்துப் போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டிய குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். தேசியப் பூங்கா ஒன்றில் அவரைத் தடுத்த அதிகாரி, வானம் பூங்காவில் சேராது என்றாராம். பூங்கா வானத்தில் சேர்ந்ததுதானே என்றாராம் டாப்சன்.

சட்டப்புள்ளி | செவ்வாய், காலை 9:25

அந்தப் பதில் அழகாக இருக்கிறது, காவலாளியிடம் எடுபடாது. உருப்படியாக ஒன்று சொல்கிறேன்.

பலகை வேறு, விதி வேறு. பலகையில் எழுதியிருப்பது எல்லாம் மன்றத்தில் நிறைவேறிய விதி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் யாரோ ஒரு அலுவலர் பழைய பலகையைப் பார்த்து, தனக்குத் தோன்றியதையும் நாலு சேர்த்து, பெயின்டரிடம் கொடுத்திருப்பார். இங்கிலாந்தில் 'பந்து விளையாடக் கூடாது' என்று சுவர் சுவராக இருக்கிற பலகைகள் பலவற்றுக்குப் பின்னால் எந்தத் துணைவிதியும் கிடையாது. வெறும் தகரம்.

எனவே முதலில் சண்டை வேண்டாம். எழுத்தில் ஒரு மனு: இந்தப் பலகைக்கு ஆதாரமான விதியின் நகல் வேண்டும், எந்தத் தேதியில் நிறைவேறியது என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான். கோபமாக எதுவும் எழுதாதீர்கள். அதே மனுவில் உங்களுக்கு வேண்டியதைச் சின்னதாகக் கேளுங்கள். எந்த மூலை, எந்த நாள், எத்தனை மணி வரை. 'பொழுதுபோக்கு உரிமை' என்று ஆரம்பித்தால் கோப்பு மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும். 'மாதத்தில் ஒரு சனிக்கிழமை' என்றால் கீழேயே கையெழுத்தாகிவிடும்.

முடிந்தால் காலக்கெடுவும் கேளுங்கள். இங்கிலாந்தில் 2014 சட்டப்படி பொது இடங்களுக்கு உள்ளாட்சி போடுகிற கட்டுப்பாட்டு ஆணை மூன்று வருடத்துக்கு மேல் தானாக நீடிக்காது. வேண்டுமானால் மறுபடி உட்கார்ந்து காரணம் சொல்லி நீட்டிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின்படி அற்பமான தடைகளும் நிறைய வந்தன, அது வேறு கதை. ஆனால் இந்த ஒரு ஏற்பாடு 1424இல் இருந்திருந்தால் 1427லேயே பந்து உருண்டிருக்கும்.

மூன்றாம்மாடி | வியாழன், மாலை 6:45

என் பக்கத்துச் செய்தி. இதையெல்லாம் படித்துவிட்டு நானே சங்கக் கூட்டத்தில் எழுந்து, "புகார் கொடுத்தவன் நான், அந்தத் தடையை எடுங்கள்" என்றேன். செயலாளருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, இப்படி ஒரு மனு அவருக்கு வந்ததே இல்லை. இப்போது போர்டில் ஒரே வரி: 'கிழக்குச் சுவரில் பந்தடிக்க வேண்டாம், காலை 8 முதல் பகல் 2 வரை.' அந்தப் பையனைப் படிக்கட்டில் பார்த்தேன். "தேங்க்ஸ் அங்கிள்" என்றான். எனக்கு இன்னும் நாற்பதாகவில்லை, அதைத் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

வால்நட்சத்திரம் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 7:30

சட்டப்புள்ளி சொன்னபடியே மனு கொடுத்தேன். பதில் வந்தது, நகலோடு. பலகையில் 22 வரி, விதித்தொகுப்பில் ஒன்பது பிரிவுதான். மூன்று கால் பற்றி எங்கேயும் இல்லை. 'வணிக நோக்கிலான படப்பிடிப்புக்கு முன் அனுமதி' என்று ஒரு பிரிவு. அது வாய்மொழியாக இறங்கி இறங்கிக் காவலாளியிடம் 'மூணு கால் இருந்தா ஷூட்டிங்' என்று வந்து சேர்ந்திருக்கிறது. பாவம், அவர் மேல் தப்பில்லை.

அனுமதியும் கிடைத்துவிட்டது, மாதத்தின் முதல் சனிக்கிழமை இரவு 7 முதல் 9 வரை. விண்ணப்பத்தில் ஒலிபெருக்கி எத்தனை, மேடையின் நீள அகலம் என்ன, சிறப்பு விருந்தினர் யார் என்றெல்லாம் கட்டங்கள். விருந்தினர் கட்டத்தில் 'சனி' என்று எழுத கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

நேற்றுதான் முதல் நாள். வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. அந்தப் பெரியவர் பேத்தியோடு ஆறரைக்கே வந்து காத்திருந்தார். காவலாளியே ஸ்டாண்டின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கிவந்தார். மேற்கு மூலைக்குப் போனால், பகல் மாதிரி வெளிச்சம். விளக்கைச் சரிசெய்துவிட்டார்கள்.

பட்டக்காரன் | ஞாயிறு, காலை 7:41

ஐயோ. மனுவில் விளக்கைப் பற்றி ஏதாவது எழுதினீர்களா?

வால்நட்சத்திரம் | ஞாயிறு, காலை 7:44

இடத்தைக் குறிப்பிட வேண்டுமே என்று 'மாதக்கணக்காக விளக்கு எரியாத மேற்கு மூலை' என்று எழுதினேன்.